சந்தனப் பொட்டு வைத்த பார்பெக்யூ

எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொரோனா அடங்கி, வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடலாம் என்று விட்டார்களே, அதற்குப் பிறகு விடாமல் மழை பெய்து எங்கள் வென்ட்வேர்த்வில் பக்கத்து ஓடை ரோட்டுக்கு ஏறியதே, அந்த மழை ஓய்ந்து முதல் வெயில் எறித்த சனிக்கிழமை. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் புது பார்பெக்யூ அடுப்புக்குப் பூசை வைத்தார்.

அவர் மதுரைப் பக்கத்து ஆள். பரமட்டாவில் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர். அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவர் என்றால் ஏசிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் என் வீட்டு வளவுதான். எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, இரும்புக் குழாயில் கால் வைத்து நானே ஒட்டிய அடுப்பு. கரி பிடிக்கவே ஒரு மணித்தியாலம் போகும். ஆட்கள் கதிரையைப் போட்டுக்கொண்டு சுற்றி இருப்பார்கள். ஊர்க் கதை, விசாக் கதை, யாருடைய மகள் யாரோடு போனாள் என்ற கதை எல்லாம் அந்தப் புகையில்தான் வேகும். வாட்டிய இறைச்சியில் முதல் துண்டை நான் கிள்ளி வாயில் போட்டுத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். படகில் வந்து இறங்கி, விசாவுக்காகக் காத்துக் காத்துக் கிழவனாகிப் போன எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே பதவி அது.

மற்றப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார மனுசி. ஒருமுறை என் புகை போய் அவள் கொடியில் காயப்போட்ட விரிப்பு எல்லாம் ஆட்டிறைச்சி வாசம். மனுசி ஏசவில்லை. விரிப்பை வேலிக்கு மேலால் நீட்டி, மோந்து பார் என்று கண்ணால் காட்டினாள். அதற்குப் பிறகு கரி போடுமுன் அவள் கதவைத் தட்டி, "டுடே பயர், ஓகே?" என்பேன். அவள் உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். பிறகு ஒரு தட்டு இறைச்சி அனுப்புவேன். முதலே சொல்லுவது, பிறகு ஒரு தட்டு. பக்கத்து வீட்டாரோடு ஒத்துப்போக இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சரி, கதை எங்கேயோ போகிறது.

மதுரைக்காரர் வாங்கியது பளபளக்கும் பெட்டி. மேலே மூடி, கீழே உருட்டிப்போகச் சில்லு, முன்னால் வரிசையாகத் திருகுகிற குமிழ்கள், பக்கத்தில் காஸ் சிலிண்டர். ஊத வேண்டாம், புகையும் இல்லை. அது வந்து இறங்கியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வளவுக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் போய் அதைத் தடவிப் பார்த்தார்கள். வெள்ளைக்கார மனுசியும் போனாள். நான் என்ன செய்வேன்? கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: "உதில வாட்டுறது இறைச்சியே? அவிச்ச சப்பாத்துத் தோல்!"

சனிக்கிழமை காலை மதுரைக்காரர் வந்து, "அங்கிள், இங்க பெரியவர்னா நீங்கதான். நீங்க சூடம் ஏத்தி வச்சாத்தான் எனக்குத் திருப்தி" என்றார். போகாவிட்டால் கிழவனுக்கு எரிச்சல் என்பார்கள். போனேன்.

பஸ்ஸுக்கு ஆயுத பூசை செய்வதைப் போலவே செய்திருந்தார். சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம், மூடிய மூடிக்குக் குறுக்கே மாலை, ஒவ்வொரு குமிழிலும் சந்தனமும் குங்குமமும். அடுப்போடு ஒட்டிய பக்கப் பலகையில் தட்டு நிறையக் கற்பூரம்.

"சிலிண்டரும் திறந்தாச்சு அங்கிள். பூசை முடிஞ்ச கையோட பத்த வச்சிரலாம்."

நெருப்புப் பெட்டியோடு குனிந்தேன். பூ வாசத்துக்கு அடியில் வேறொரு மணம். அழுகின வெங்காயம் மாதிரி.

"தம்பி, காஸ் மணக்குது."

"அது ஊதுபத்தி அங்கிள், படிக்கட்டுல எரியுது."

என்னோடு சீட்டாடுகிற கூட்டாளி பின்னாலிருந்து, "அண்ணைக்கு உள்ளுக்க ஏதோ எரியுது, அதுதான் மணக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனுசி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, நல்ல நாளில வாய் வையாதேங்கோ. கொளுத்திப்போட்டு வாங்கோ."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்த அடுப்பைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கு, மூக்கும் என் பக்கம் சேர்ந்து பொய் சொல்கிறதோ? குச்சியை உரசிவிட்டால் எல்லோரும் வாயை மூடுவார்கள். திரும்ப மோந்து பார்த்தேன். அதே வெங்காயம். நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"நான் கொளுத்த மாட்டன்."

மதுரைக்காரரின் முகம் வாடிவிட்டது. "ஏன் அங்கிள், எங்க மேல ஏதாச்சும் கோவமா?"

"கோவம் இருக்குத்தான். அதைப் பிறகு கதைப்பம். முதல்ல சிலிண்டரைப் பூட்டு."

"குடுங்க, நானே ஏத்திக்கிறேன்" என்று அவர் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப்போய் மூடியைத் தூக்கினேன். மாலை அறுந்து நிலத்தில் விழுந்தது. பூசை மாலை அறுவது நல்லதில்லை என்று யாரோ முனகத் தொடங்கியதும், அடுப்புக்குள் சேர்ந்திருந்த காஸ் எல்லோருடைய மூக்கிலும் ஏறியது.

"ஏங்க, கேஸுங்க!" என்று அவர் மனைவி கத்தினாள். அவர் பாய்ந்து சிலிண்டரைத் திருகிப் பூட்டினார். ஊதுபத்தியை நான் போய் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். பிறகுதான் பார்த்தோம், இரண்டு குமிழ்கள் திரும்பி இருந்தன. அமத்தித் திருப்பினால் திறக்கிற குமிழ்கள் அவை. பொட்டு ஒட்ட வேண்டுமென்று பெருவிரலால் அமத்தி வழித்திருக்கிறார், பாவம். அடுப்பு மூடிக் கிடந்ததில் காஸ் போக வழியில்லை. பக்கத்திலேயே கற்பூரம்.

காற்று எல்லாவற்றையும் கொண்டுபோகும் வரை அனைவரையும் வேலியோரம் நிற்க வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயிலும் ஒழுக்கோ என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோம், காற்றுக் குமிழி எதுவும் வரவில்லை. கற்பூரத்தைத் தூரத்தில் வெறும் நிலத்தில் வைத்து நான் கொளுத்தினேன். கடைசியில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்றைக்கு மதுரைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து அழாத குறை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இறைச்சி பஞ்சு மாதிரி வெந்து நன்றாகத்தான் இருந்தது. கூட்டாளி, "எப்பிடி அண்ணை?" என்று கேட்டதற்கு, "பரவாயில்லை" என்றேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைக் கூட்டம் அந்தப் பக்கத்துக்கே போய்விட்டது. நானும் போகிறேன். இன்றைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்தால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. அது காஸைப் பூட்டினால் அணைகிற நெருப்பில்லை.

நீங்கள் கோயிலிலோ கடையிலோ புதிதாக இப்படி ஒன்று வாங்கியவர்களைக் கண்டால் சொல்லிவிடுங்கள். பூசை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலிண்டரைப் பூட்டி வைத்துவிட்டுச் செய்யட்டும். பொட்டு மூடியில் போதும், குமிழில் வேண்டாம். கற்பூரம் தூரத்தில் எரியட்டும். பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்கட்டும். எரிச்சல் பிடித்த கிழவன் ஒருவன் சொன்னான் என்றே சொல்லுங்கள், பரவாயில்லை. சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.