பொன்னேர் மேட்டில் சம்பந்தியும் நானும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஒன்றரை வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். காரணம், இதில் என் சம்பந்தி வருகிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டுப் பெரியவரைப் பத்திரிகையில் எழுதிவிட்டு, ஆடிச் சீர்த் தட்டோடு அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

போன வாரம் சரோஜா என் கடைக்கு வந்தார். அருணாசலேஸ்வரர் கோயில் பக்கத்தில் எனக்குப் பூஜைச் சாமான் கடை என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சரோஜாவுக்கு அடி அண்ணாமலை தாண்டிக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை போடுகிறார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

கற்பூரம் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று டப்பாவைத் திறந்தேன்.

"கற்பூரம் இருக்கட்டும்ணா. இந்த பௌர்ணமிக்கும் வந்து தோண்டிட்டுப் போயிட்டானுங்க."

"மறுபடியுமா?"

"சித்திரைக்கும் குழியா இருந்தா, மொத ஏரை வேற கொல்லில பூட்டிக்கறோம்னு ஊர்ல சொல்லிட்டாங்க. எங்க மாமனார் காலத்துலேர்ந்து எங்க நெலத்துலதான். நீங்களும் உங்க சம்மந்தியும் வந்துட்டுப் போனதுலேர்ந்துதாண்ணா இந்தக் கூத்து. பேப்பர்ல எழுதறீங்கல்ல? அங்க ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரே கூடி முதல் உழவு ஓட்டும். அது தன் நிலத்தில் நடப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய மரியாதை! அது என்னால் போகலாமா? சம்பந்திக்குப் போன் போட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க" என்றார்.

ஆகவே பேர் போடவில்லை.

சம்பந்திக்கு ஆரணியில் அரிசி வியாபாரம். கடையை மகனிடம், அதாவது என் மாப்பிள்ளையிடம், கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தார். ஓய்வு என்பது ரொம்ப ஆபத்தான விஷயம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய காலத்துத் தங்கச் சுரங்கம் எங்கெங்கே இருந்திருக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டார். பழைய மேப், பழைய குழி, குழிக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் வெள்ளைக் கல், ஊர்ப் பெயரில் 'பொன்'... இதெல்லாம் அடையாளமாம். இத்தனை வருஷம் அரிசியில் கல் பொறுக்கிய கை, இனிமேல் கல்லில் தங்கம் பொறுக்கும் என்றார்.

"தங்கம் எனக்கு எதுக்கு சம்மந்தி? இருக்கறதையே லாக்கர்ல வெச்சுட்டு சாவியத் தேடிட்டு இருக்கேன். எடத்தைக் கண்டுபுடிக்கணும். அதான் ஹாபி."

நல்ல ஹாபிதான். ஆனால் அவர் கண் முதலில் எங்கே போனது தெரியுமா?

"நம்ம மலை துவாபர யுகத்துல பொன் மலையா இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது மலையா? சுவாமி அல்லவா? சுவாமி மேல் யாராவது கடப்பாரை வைப்பார்களா? ஆனால் சம்பந்தியிடம் கோபப்பட முடியுமா?

"யுகம் மாறிடுச்சுங்க. இப்போ கல்லுதான்" என்றேன்.

"கொஞ்சம்கூட மிச்சம் இருக்காது?"

"இருக்காதுங்க."

அதோடு மலையை விட்டுவிட்டார். அருணாசலேஸ்வரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போனை நீட்டினார். எங்கேயோ தேடிப் பிடித்த பழைய மேப். அதில் ஒரு பெயர் – பொன்னேர் மேடு.

"பிரிச்சுப் பாருங்க சம்மந்தி. பொன்... நேர்... மேடு. பூமிக்குள்ள தங்கம் நேரா ஓடுதுன்னு அர்த்தம்!"

நான் எட்டாவதோடு நின்றவன். பொன், நேர் – சேர்த்தால் பொன்னேர். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.

"கூப்புட்டா போயிட்டு வாங்க. அவரு மனசு கோணக் கூடாது. பொண்ணு அங்க இருக்குது" என்றாள் என் மனைவி.

போனோம். நான் மொபெட் ஓட்ட, பின்னால் அவர் சல்லடையும் தட்டும் குடத்தில் தண்ணீருமாக. எங்கே திரும்பினோம் என்பது மட்டும் வேண்டாம். போய்ப் பார்த்தால்... மேடு இருக்கிறது. பழைய குழி இருக்கிறது. வரப்போரம் வெள்ளைக் கல் குவியல் குவியலாக இருக்கிறது! சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொய் சொல்வானேன்?

களை எடுத்துக்கொண்டிருந்த சரோஜா நிமிர்ந்தார். "இன்னாண்ணா தேடறீங்க?"

"சும்மா... கல்லு பாக்கறோம்மா" என்றார் சம்பந்தி.

"கல்லா? லாரி வெச்சு எடுத்துனு போங்க. வருசா வருசம் பொறுக்கி ஓரமா போட்டுப் போட்டு எனுக்கு இடுப்பே போச்சு."

"அந்தக் குழி?"

"எங்க மாமனாரு வீடு கட்ட மண்ணு எடுத்தாரு."

சம்பந்தி என் காதில், "மறைக்கறாங்க" என்றார். பிறகு சத்தமாக, "அப்போ ஏம்மா பொன்னேர் மேடுன்னு பேரு?" என்று கேட்டார்.

"சித்திரைல மொத மொத ஓட்டற ஏரு பொன் ஏரு. அது இங்கதான ஓட்டுவாங்க? இப்போ டிராக்டரு. மஞ்சா, குங்குமம் வெச்சு, தேங்கா ஒடச்சு, இங்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத்தான் மத்த கொல்லிக்குப் போவும்."

சம்பந்தி போனை எடுத்து மேப்பை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, "நேர் இல்லியா?" என்றார்.

"நேரா? மேடே கோணையா கெடக்குது, பாருங்க."

வந்ததற்கு ஒரு கை மண்ணையாவது சலித்துவிட்டுப் போகலாம் என்றார். சரோஜாவிடம் கேட்டுக்கொண்டுதான் சலித்தார். தட்டில் ஏதோ பளபளத்தது. நகத்தால் உரித்தால் ஏடு ஏடாக வந்தது. காக்காப்பொன். மைக்கா என்பார்களே, சின்னப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுமே, அதேதான். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

அங்கேயே நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். டீ குடிக்க நிறுத்தினோம்.

"சல்லடையோட எங்க பெரியவரே? இன்னா கெடச்சுது?" என்றார் டீக்கடைக்காரர்.

சம்பந்தி அரிச்சந்திரன். "காக்காப்பொன் கெடச்சுது" என்று காகிதத்தைப் பிரித்தும் காட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் 'காக்கா' பறந்துவிட்டது. 'பொன் கெடச்சுதாம்' என்பது மட்டும் ஊரில் நின்றது.

அடுத்த பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்டினார்கள். குழியை மூடினால் அடுத்த பௌர்ணமிக்கு வேறு இடத்தில் குழி. போன சித்திரையில், மாலை போட்ட டிராக்டரின் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கிவிட்டது. அபசகுனம் என்றார்கள். சரோஜா அழுதுவிட்டார்.

சம்பந்திக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆரணியிலிருந்து பஸ் ஏறி வருகிறார். கிரிவலம் போவதில்லை. மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம், "இங்க ஒண்ணும் இல்லப்பா, போங்க" என்கிறார். பலன்? ஆரணியிலிருந்து ஒரு ஆள் வந்து காவல் இருக்கிறான் என்றால் கீழே எவ்வளவு இருக்கும் என்று ஊர் கணக்குப் போடுகிறது. ஆட்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். அவர் விடிந்து பஸ் ஏறியதும் தோண்டுகிறார்கள்.

மிச்சமிருப்பது நீங்கள்தான். சித்திரைக்குள் அந்தக் குழிகளை நாங்கள் இரண்டு பேரும் மூடிவிடுவோம். புதுக் குழி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். முக்கியமாக... அந்தக் காக்காவை விட்டுவிடாதீர்கள்.