பத்தாவது வீடு

திருமணமான நான்காவது மாதத்தில் கணவரின் ஊரில் நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியதற்கு இணையம் ஒன்றே காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் வேறு காரணங்கள் இன்றும் உலவுகின்றன.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கரும்பு முடிந்து மலை தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். ஊரிலிருந்தே பணிசெய்ய அனுமதி கேட்டபோது, எங்கள் தலைமை அலுவலர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் அறுபடாத இணைப்பு கிடைக்காவிட்டால் சென்னைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். என் கணவருக்குச் சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் வேலை. அவரையும் அந்தக் கரும்பையும் சென்னைக்குக் கொண்டுபோக வழியில்லை.

கைபேசி அலைவரிசையை மலை மறைத்துவிடும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கிழக்கு நோக்கி நின்றால் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அங்கே குடைபிடித்து நின்று வகுப்பெடுப்பேன். நான் ஏதாவது முக்கியமானதைச் சொல்லத் தொடங்கும்போது திரையில் என் முகம் உறைந்துவிடும். மாவட்டத்தின் ஆசிரியர்களில் பாதிப்பேர் என்னைத் திறந்த வாயுடன்தான் அறிந்திருந்தார்கள்.

கண்ணாடியிழை இணைப்புத் தருகிற கேபிள்காரரைத் தேடிப் போனேன். அவர் தெளிவாகச் சொன்னார்:

"லைன் கூட்டுரோட்டோட நிக்குது மேடம். ஒரே ஒரு வூட்டுக்காக அவ்ளோ தூரம் ஒயர் இழுத்தா எனக்குக் கட்டாது. பத்து வூடு சேத்துக் குடுங்க, மக்கா நாளே இழுத்துடுறேன்."

பத்துக் குடும்பங்கள், பத்துக் கையெழுத்துகள். படிவத்தை வாங்கிவந்தேன். புறப்படும்போது மாமியார் என் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். புது மருமகள் ஒரு வீட்டுக்குள் முதல்முறை வெறுங்கையோடு நுழையக் கூடாதாம். நியாயமாகத்தான் பட்டது.

முதல் வீடு என் கணவருடைய பெரியம்மாவின் வீடு. நான் அவரைப் பெரியத்தை என்று அழைப்பேன். சிமிழை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. குங்குமத்தை இட்டுக்கொண்டு உள்ளே திரும்பிக் கூவினார்: "அடியே, நல்ல சேதி சொல்ல வந்துக்கிது பாருடி! எத்தினி மாசம்மா?"

"அதுக்கு இல்லீங்க பெரியத்தை. இன்டர்நெட்டுக்கு."

"இன்னாது?"

விளக்கினேன். அவர் அடைந்த ஏமாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அவர் உள்நோக்கிக் கூவியது அதற்குள் கொல்லைப்புறம் வழியாக வெளியே போய்விட்டது. நான் மூன்றாவது வீட்டை அடைவதற்குள் செய்தி ஐந்தாவது வீட்டை அடைந்தது. அங்கே எனக்காகப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதன் தீமைகளையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் நம்பிக்கை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பக்கங்களையும் எடுத்துரைத்தேன். கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், வானிலை, கரும்பு வெட்டு அனுமதி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றேன். பிறகு கண்பார்வை, தூக்கம், சூதாட்டச் செயலிகள், குழந்தைகளின் கவனச்சிதறல் ஆகியவற்றுக்கு வந்தேன். நன்மைகளைவிடத் தீமைகளை நான் நன்றாகவே தயாரித்திருந்தேன் என்பது பேசும்போதுதான் தெரிந்தது. கிரிக்கெட் பார்ப்பதற்காகவே சேருவதென்று முடிவுசெய்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒருவர், கடைசிவரை கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏம்மா, இவ்ளோ கெடுதல் இருக்கிறத நீ எதுக்கும்மா வாங்குற?"

மாலையில் என்னிடம் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று என் கணவருடையது.

மாமியார் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீ வூட்லயே இரு" என்றார்.

மறுநாள் அவர் போய், பகல் சாப்பாட்டுக்குள் முந்தைய இரண்டையும் சேர்த்து ஒன்பது கையெழுத்துகளோடு திரும்பினார். கிரிக்கெட்காரரும் அதில் இருந்தார். எப்படி என்று கேட்டேன்.

"ஆடு களவு போனவன்கிட்ட கேமரா மாட்டிக்கலாம்னேன். புருஷன் சிங்கப்பூர்ல இருக்கிறவகிட்ட அவன் மூஞ்சப் பாத்துத் திட்டலாம்னேன். வேற இன்னா சொல்லணும்?"

"தீமைகளைச் சொன்னீங்களா அத்தை?"

"அத அவங்களே கண்டுபுடிச்சிக்குவாங்க."

ஒன்பதோடு தெரு தீர்ந்துவிட்டது. மீதமிருந்த வீடுகளில் பூட்டுகள்தாம் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். கேபிள்காரர் ஒன்பதுக்கு இசையவில்லை. தவணை முடிய ஆறு நாட்கள். திங்கட்கிழமை காலை தலைமை அலுவலர் இணையத்தில் கூட்டம் வைத்து என் விஷயத்தை முடிவுசெய்வதாக இருந்தார்.

"பத்தாவது நானு" என்றார் மாமியார்.

"நாம ஒரே வீடு அத்தை."

"அடுப்பு ரெண்டு இருந்தா வூடு ரெண்டு. கோயில் வரி எப்படி எடுக்கிறாங்கன்னு நெனைக்கிற?"

அது உண்மை. திருவிழாவுக்கு வரி எடுக்கையில் இந்த ஊர் கதவுகளை எண்ணுவதில்லை, அடுப்புகளைத்தான் எண்ணும். ஆனால் எங்கள் வீட்டில் சமைப்பது ஒரே அடுப்பில். படிவத்திலோ 'தனிக் குடும்பம்' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழ் உண்மையில்லாத கையெழுத்தைப் போட்டால், அதை நம்பிக் கேபிள்காரர் கம்பி இழுப்பதும், அந்தக் கம்பியின் வழியே நான் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பதும் எப்படி முறையாகும் என்று நீளமாகவே எடுத்துச் சொன்னேன். மாமியார் குறுக்கிடாமல் கேட்டார்.

"பொய்யா இருந்தாதான உனுக்குப் பிரச்சின?"

"ஆமாங்க அத்தை."

எழுந்து கொல்லைக்குப் போனார். குளிக்க வெந்நீர் வைக்கும் விறகடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் குழம்புச் சட்டியை ஏற்றினார். அந்த விளைவை மட்டும் நான் எடைபோட்டிருக்கவில்லை.

கணவர் கரும்புத் தோட்டங்களிலிருந்து திரும்பியபோது உள்ளே நான் வைத்த ரசமும் வெளியே கருவாட்டுக் குழம்பும் மணந்தன.

"இன்னாம்மா நடக்குது?"

"தனியாப் போயிட்டேன்டா."

"எங்க?"

"இங்கதான்."

அவர் இரண்டு குடும்பத்திலும் சாப்பிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு நியாயமான பிரிவினையைப் பார்த்ததில்லை என்றார்.

கேபிள்காரர் நேரில் வந்து இரண்டு அடுப்புகளையும் பார்வையிட்டார். கருவாட்டுக் குழம்பைக் கொஞ்சம் ருசிபார்த்து, இது தனிக் குடும்பம்தான் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை, தென்னைகளையும் வேப்ப மரங்களையும் பிடித்துக்கொண்டு கம்பி தெருவுக்குள் வந்தது.

கம்பிக்கு முன்பே, மாமியார் தனி அடுப்பு வைத்த சேதி தெரு முழுக்கப் போய்விட்டிருந்தது. நான் கருவுற்றிருக்கிறேன் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், இரண்டையும் சேர்த்துத் தெரு ஒரு கதையை அமைத்துக்கொண்டது: மாசமாக இருக்கிற மருமகளுக்குக் கருவாட்டு வாடை ஆகவில்லை, மாமியாரைக் கொல்லைக்கு விரட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை கூட்டம் தொடங்கியது. பத்தாவது இணைப்பு மாமியாருடையது என்பதுவரை அறிக்கையை வாசித்திருந்தேன். பெரியத்தை, பக்கத்து வீட்டு அம்மாள் இருவரும் நேராகக் கூடத்துக்குள் வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்திருந்தார்கள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. உன் மாமியா பொகையில உக்காந்து ஊதிக்கினு இருக்குது. நல்லா இருக்குதா உனுக்கு?" என்றார் பெரியத்தை.

பதறி ஒலிவாங்கியை அணைத்தேன். கொல்லையிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்தார்.

"யாரும் என்ன அனுப்பல. நானேதான் போனேன்."

"பாத்தியா? வுட்டுக்குடுக்காம பேசுறா பாரு. அழுதுக்கினே இருந்திருப்பா."

"பொகைக்குக் கண்ணு கலங்குதுக்கா! என் இஷ்டத்துக்கு ஆக்கித் துன்னுக்கினு இருக்கேன். உங்களுக்கு இன்னா வலிக்குது?"

"வயசான காலத்துல..."

"யாருக்கு வயசு? உன்னவிட நான் ஆறு வருசம் கம்மி!"

இது ஏறத்தாழ கால்மணி நேரம் நடந்தது. இடையில் என் கர்ப்பமும் விவாதிக்கப்பட்டது. அவர்களை மோர் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான், நான் ஒலிவாங்கியை அணைக்கவில்லை, ஒளிப்படக் கருவியை அணைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. கூட்டத்திலிருந்த எட்டுப் பேரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

தலைமை அலுவலர் தொண்டையைச் செருமினார். "ஒரு சொல் கூட அறுபடவில்லை" என்றார். "உங்கள் மாமியாருக்குத் தனி இணைப்பா?"

"ஆமாம், மேடம்."

"அப்படியென்றால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். நீங்கள் அங்கேயே இருக்கலாம்."

இரண்டும் ஒரே கம்பியில்தான் வருகின்றன. ஒரு தென்னை மட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். மனம் பொறுக்காமல் அன்று மாலையே படம் வரைந்து விளக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

இதுவரை பதில் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.