சோஸ் போத்தலோடு ஒரு போட்டி

பல் தீட்டும்போதும் தியாகலிங்கம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டுதான் நிற்பார். வங்கி வரிசையில் ஆட்டம், லிஃப்டில் ஆட்டம். ரெக்ஸ்டேலில் அவர் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையின் போர்மன் அவர் நிற்கிற நிலையைப் பார்த்து இரங்கி, கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டுவான். தியாகலிங்கமும் மரியாதைக்காகப் போய்வருவார்.

ஆட்டம் மகளுக்காகத் தொடங்கியது. நிரூபாவுக்குப் பெருமூளை வாதம். பிறந்த அன்று மூளைக்குக் காற்றுப் போதவில்லை. கைகால்கள் சொன்னபடி கேட்பதில்லை, சக்கர நாற்காலிதான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் கண் டாக்டர். கண் அனுப்புவதை மூளைதான் ஒழுங்காக வாங்கிக்கொள்வதில்லையாம். அசைகிற பொருள் பிடிபடும், சிவப்பும் மஞ்சளும் பிடிபடும், பின்னால் வெறுமையாக இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும் என்றார். கடைசியில் சொன்னது தியாகலிங்கத்தின் காதில் ஏறவில்லை. அதற்குள் அவர் ஆடத் தொடங்கிவிட்டார்.

அன்றே ஒரு சிவப்பு ஸ்வெட்டரும் வாங்கினார். கோடை வெக்கையிலும் அதுதான். "சும்மா நிண்டா, நான் இருக்கிறனோ எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு" என்பார்.

அவருடைய எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தக்காளி சோஸ் போத்தல். அதைக் கண்டால் நிரூபாவின் முகம் மலரும். ஒரு கணம் பார்ப்பாள். பிறகு தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் அதனிடம் அனுப்புவாள். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே நேரத்தில் அவளுக்குக் கைகூடாது. அப்பாவின் குரலுக்குச் சிரிப்பாள்தான். ஆனால் அந்தக் கை ஒருநாளும் அப்பாவைத் தேடி வந்ததில்லை.

"எனக்கில்லாத மதிப்பு உவருக்கு" என்று போத்தலைத் தலைகீழாக வைப்பார். மனைவி துர்க்கா நிமிர்த்தி வைப்பாள். "உதோடயும் கோவமே உங்களுக்கு?"

நிரூபாவின் ஐந்தாவது பிறந்தநாளை அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் வைத்தார்கள். அன்றைக்காவது மகள் தன்னைக் கண்டு கை நீட்ட வேண்டும், அது வீடியோவிலும் விழ வேண்டும். இதற்காகத் தியாகலிங்கம் தன் கையாலேயே சுவர் முழுவதும் சிவப்பு பலூன் கட்டினார். சிவப்பு ஸ்வெட்டரோடு அதன் முன்னால் நின்று ஆடினார். சுற்றிலும் பளபளக்கும் சேலைகள், ஸ்பீக்கரின் அலறல். நிரூபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வீடியோ எடுக்க வந்த இரத்தினவேல் கமராவை இறக்கினான். "அண்ணை, கமராவுக்கே நீங்கள் தெரியேல்லை. தலை மட்டும் மிதக்குது."

துர்க்கா பாட்டை நிறுத்தினாள். "இஞ்சேருங்கோ, சோஸ் போத்தல் என்ன டான்ஸே ஆடுது? வெள்ளைப் பிரிட்ஜுக்கு முன்னால பிடிக்கிறன், பிள்ளைக்குத் தெரியுது. நீங்கள் பலூனோட பலூனா நிண்டா?"

"உதை ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"ஆடுற மனிசனுக்கு ஆர் சொல்லுறது?"

மேசையிலிருந்த ரோல்ஸும் கட்லெட்டும் விருந்தாளிகளின் கைகளுக்கு இடம் மாறின. வெள்ளை மேசைவிரிப்பை உருவி இருவர் உயர்த்திப் பிடித்தார்கள். அதன் ஓரத்தில் கொஞ்சம் சம்பல் ஒட்டியிருந்தது. தியாகலிங்கம் முன்னால் முழங்காலிட்டு ஆடினார். "குஞ்சு" என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட வாயெடுத்தவரைத் துர்க்கா, சத்தம் வேண்டாமென்று கைகாட்டி அடக்கினாள்.

நிரூபா கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, பிள்ளை அங்கால பாக்குது!" இரத்தினவேல் விரலைச் சொடுக்கினான். "இஞ்ச, இஞ்ச, கமராவைப் பாரம்மா!"

"வாயைப் பொத்தடா" என்றார் தியாகலிங்கம், உதடு அசையாமல்.

முகம் சுவரைப் பார்த்தபடி இருக்க, நிரூபாவின் கை மெல்ல எழுந்தது. நடுவழியில் தடுமாறி இறங்கியது. மறுபடி எழுந்து வந்து அவருடைய மூக்கைப் பற்றியது; போத்தல் மூடியைத் திருகுவதுபோலத் திருகியது. தியாகலிங்கம் ஆடாமல் இருந்தார்.