திரைக்கு முதுகு காட்டி உட்காருகிறவர்

முன்னோட்டக் காட்சியில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். இந்தத் தயாரிப்பாளர் மட்டும் முதல் வரிசைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அவருக்குப் படம் தெரியாது, பார்க்கிறவர்களின் முகம் தெரியும். யூனிட்டில் அவருக்கு ‘முதுகு மேடம்’ என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

பழக்கம் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் வேலை, போட்டி நிகழ்ச்சிக்கு வரும் கூட்டத்தை வரிசையாக உட்கார வைத்து, கை தட்டச் சொல்வது. மேடையைப் பார்க்க நேரமே கிடைக்காது. எந்த முகம் எப்போது கொட்டாவி விடும் என்பது மட்டும் அத்துப்படியானது. அந்தப் பாடத்தோடு மதிய நேர சீரியல்கள் எடுத்தார், எல்லாமே பிய்த்துக்கொண்டு ஓடின. பிறகு சினிமா ஆசை வந்தது. சீரியலை விட்டார். அவர் சீரியல் ஓடிய மதிய நேரத்தைச் சேனல் உடனே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

முதல் படத்தின் முன்னோட்டத்துக்கு நர்ஸ்கள், டிரைவர்கள், தையல்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று கலந்து கட்டிக் கூப்பிட்டிருந்தார். சினிமாக்காரர்களுக்கு அழைப்பில்லை. “அவங்க மரியாதைக்குச் சிரிப்பாங்க” என்பது அவர் கட்சி. கதவோரம் தியேட்டர்காரர் நின்றார். ஊரில் பாதித் திரைகள் அவர் கையில். அவருக்குப் படம் பார்க்கும் பொறுமை கிடையாது. கதவைத்தான் பார்ப்பார்.

கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல எழுந்து வெளியே போனார்கள். அடங்கியது. மறுபடி ஒரு கும்பல். விளக்கு எரிந்ததும் தியேட்டர்காரர் வந்தார்.

“ஆளுங்க நிக்கலையேம்மா. இன்னொரு தடவை வர்றேன். அப்பவும் எழுந்து போனா, நீங்க சீரியலுக்கே போயிடுங்க.”

திரும்பிப் போக மேடத்துக்கு இடமில்லை என்பது தியேட்டர்காரருக்குத் தெரியாது.

மேடத்தைக் குடைந்தது வேறொன்று. போனவர்கள் ஓட்டமாகத் திரும்பி வந்து, பக்கத்து ஆளிடம் “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். சலித்தவன் எதற்கு ஓடி வருகிறான்? எழுந்து போனவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. அவளைப் பிடித்துக்கொண்டார்.

“படம் போர் அடிச்சுதா?”

“ஐயோ, இல்ல அண்ணி! விளம்பரம் போடுவாங்கன்னு பாத்ரூம் போக எழுந்தேன்.”

“சினிமாவுல ஏதுடி விளம்பரம்?”

“அதான் எனக்கும் தெரியல. டமார்னு சத்தம் வந்துச்சு, கால் தன்னால எழுந்துடுச்சு.”

மறுநாள் எடிட்டிங் அறையில் படத்தை ஓடவிட்டார்கள். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். டமார். மாமியார் முகம், கணவன் முகம், மறுபடி மாமியார் முகம். அடுத்த காட்சியின் முதல் வசனமே, சற்றுமுன் நடந்ததைத் திரும்பச் சொல்கிறது. படம் முழுக்க இப்படி. யாரும் கேட்கவில்லை, சீரியலின் விளம்பர இடைவேளைக்குப் பழகிய கைகள் தாமாகவே வைத்திருக்கின்றன.

சீரியல் காலத்திலிருந்து கூட இருக்கும் எடிட்டர் தலையைச் சொறிந்தார். “டமாரை எடுத்துட்டா சஸ்பென்ஸ் எங்க மேடம் இருக்கும்?”

“அடுத்த சீன்ல. அங்க போக விடுங்க சார்.”

“நம்ம பொழப்பே இந்த டமார்லதானே ஓடுச்சு?”

“ஓடுச்சு. இப்ப எல்லாரையும் எழுப்பி விடுது.”

ஒவ்வொரு டமாரும் போனது. பின்னால் ஒட்டியிருந்த பழைய பேச்சும் போனது.

அடுத்த முன்னோட்டம். அதே பிளாஸ்டிக் நாற்காலி. கதாநாயகி கதவைத் திறக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மேடம் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். ஒரு டிரைவர் முன்னால் சாய்ந்தார், எழவில்லை. நாத்தனார் நெளிந்தாள், கால் மேல் கால் போட்டாள், மாற்றிப் போட்டாள். ஆனால் கண் திரையிலேயே இருந்தது.

தியேட்டர்காரர் கதவோரத்திலிருந்து குனிந்தபடி வந்தார். “ஒருத்தனும் வெளிய வரலயே! என் கேன்டீன்காரன் சட்டையைப் பிடிப்பான்மா.”

“அப்போ?”

“வெள்ளிக்கிழமை போட்டுடலாம்.”

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. முதலில் எழுந்தவள் நாத்தனார். இரண்டு நர்ஸ்களைத் தள்ளிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

மேடம் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். “படம் எப்படிடி?”

“வழியை விடுங்க அண்ணி, வந்து சொல்றேன்!”