அண்ணன் பிடித்த விரால்

எங்கள் அண்ணனைத் தோளில் சுமந்தவர்களும், அதன்பின் பல நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஓராண்டு நிறையும் வேளையில், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி, தங்கையான என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் திருமயத்துக்கு அருகே எங்கள் ஊரில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை அவர் முடித்த சமயத்தில் அப்பா தவறிவிட்டார். அண்ணன் துபாய்க்குப் புறப்பட்டார். நான் பொறியியல் படித்ததும், வீட்டின் ஓடு மாறித் தளம் ஆனதும் அவர் அங்கே வெயிலில் நின்றதால்தான். யாரையும் கடிந்து பேச மாட்டார். பிடிவாதம் மட்டும் உண்டு.

அதில் ஒன்று விரால். கோடையில் எங்கள் கண்மாய் வற்றும்போது, ஊர்த்தலைமை வகிக்கும் அம்பலமான பெரியப்பா கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை யாரும் மீனைத் தொடக்கூடாது. வீசியதும் ஊரே இறங்கும். அண்ணன் சிறுவயதிலிருந்து ஊத்தாவோடு இறங்கியவர். ஊத்தா என்பது அடி திறந்த மூங்கில் கூடை. அதைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும். கெளுத்தி, கெண்டை, குறவை எல்லாம் அவருக்குச் சிக்கின. விரால் மட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. கைக்கு வந்து வழுக்கிவிட்டதாகவே ஒவ்வொரு முறையும் சொல்வார்.

"உங்க அண்ணனுக்கு வழுக்குன விராலையெல்லாம் சேத்தா கண்மாயே கொள்ளாது" என்பார் அண்ணி.

துபாயில் இருந்த காலத்தில் அவர் விடுப்பும் மீன்பிடி நாளும் சேரவே இல்லை. சேர்ந்த ஆண்டில் கண்மாய் நிறையவில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த நிலையில்தான் ஊர் திரும்பினார். வாரம் மூன்று முறை புதுக்கோட்டையில் டயாலிசிஸ். செய்யக்கூடியவற்றை நான் வரிசையாக எழுதி வைத்தேன்; ஒவ்வொன்றாக அடித்தேன். அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. என்னுடையதும் பொருந்தவில்லை. வெளியிலிருந்து கிடைத்தாலும் அவர் இதயம் அறுவையைத் தாங்காது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டு கண்மாயில் தண்ணீர் இருந்தது. வற்றத் தொடங்கியதும் நாள் குறித்தார்கள். அதற்குள் தெற்குத் தெருவில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். ஊரில் துக்கம் விழுந்தால் கருமாதி முடியும்வரை வெள்ளை வீசுவதில்லை. செய்தி கேட்ட அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதிய நாளைச் சொல்லப் பெரியப்பா வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"அதுக்குள்ள நான் போயிட்டேன்னா மறுபடி தள்ளிப்போடணும்ல பெரியப்பா? ஊரே என்னைய ஏசும்."

"வாயக் கழுவுடா" என்ற பெரியப்பா, எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே வேலைதான்: அந்த நாள்வரை அவரை வைத்திருப்பது. தண்ணீரை அளந்து கொடுத்தோம். தாகத்தில் அவர் கெஞ்சும்போது டம்ளரை மறைத்தோம். மூச்சு முட்டும்போதெல்லாம் அம்மா அவர் முதுகைத் தாங்கியபடி, "இன்னும் கொஞ்ச நாளுய்யா, இன்னும் கொஞ்ச நாளு" என்பார். எதற்குக் கொஞ்ச நாள் என்று யாரும் கேட்கவில்லை.

குறித்த நாள் டயாலிசிஸ் நாளாக அமைந்தது. மன்றாடி, மதியத்துக்கு மாற்றினேன். கண்மாயில் இறங்கவே கூடாது என்றார் மருத்துவர். ஊசி ஏற்றும் இடது கையில் சேறு படக்கூடாது, விழக்கூடாது, நெடுநேரம் நிற்கக்கூடாது. அண்ணியிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு சொல்லி என்னத்தக் கண்டோம் பாப்பா? எறங்கட்டும்" என்றார்.

இடது கையில் பாலித்தீன் சுற்றி, துண்டால் கழுத்தோடு கட்டினேன். பெரியப்பா வெள்ளையை வீசினார். ஊர் நடுக்கண்மாய்க்கு ஓடியது. நாங்கள் கரையோரம், முழங்காலுக்குக் கீழான தண்ணீரில் நின்றோம். நான் ஊத்தாவை அமுக்க, அவர் வலது கையை விட்டுத் துழாவினார். வெறும் சேறு. நகர்ந்து அமுக்கினேன். மறுபடியும் சேறு. அவர் உதடுகள் கறுத்து வந்தன.

"போதும்ணே, ஏறிருவோம்."

"இன்னும் ஒரே தடவ. அமுக்கு பாப்பா."

அமுக்கியதும் மூங்கில் அதிர்ந்தது.

"இருக்குண்ணே!"

"கத்தாத. ஆடவிடாமப் பிடி."

தோள்வரை கையை விட்டார். கன்னம் மூங்கிலில் அழுந்தியிருந்தது. கண்களை மூடியிருந்தார். கை வெளியே வந்தபோது, செவுளில் அவர் விரல் கோத்திருக்க, முழங்கை நீள விரால் ஒன்று துள்ளியது.

"இது வழுக்கலையாங்க?" என்று கரையிலிருந்து கேட்ட அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது.

"வழுக்கத்தான் செஞ்சுச்சு. நான் விடல."

சேற்றுக் காலோடு காரில் ஏற்றினோம். நிமிர்ந்து உட்கார முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தார். புதுக்கோட்டை நெருங்கும்போது மெல்லக் கேட்டார்.

"பாத்தியா பாப்பா? நாம நின்ன பக்கம் ஒருத்தனும் ஊத்தா போடல. மீனையெல்லாம் நம்ம பக்கமா வெரட்டி விட்டாய்ங்க."

"பாத்தேண்ணே."

"எனக்குத் தெரிஞ்சதா அவய்ங்கட்டச் சொல்லிராத. சங்கடப்படுவாய்ங்க."

வீடு திரும்பியதும், குழம்பில்லாமல் ஒரு துண்டு சாப்பிட்டார். அந்த விரால் அவருக்கு ஒரு நாளையும் கூட்டித் தரவில்லை. அந்த மாதம் முடியுமுன் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் காரெடுத்த பங்காளிகளுக்கும், பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கண்மாயில் எங்கள் பக்கம் வராமல் விலகி நின்றவர்களே, உங்களுக்கு மட்டும் இதுவரை நன்றி சொல்லவில்லை. அண்ணனுக்கு அது தெரியாது என்றே நீங்கள் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவருக்குத் தெரியும்.