மாதிரிக்குப் போன மயில் கழுத்து

தேய்ந்துபோன பென்சில் துண்டைத் திருப்பி ஒப்படைத்தால்தான் புதுப் பென்சில் வழங்கலாம் — இது சர்க்கார் ஆபீஸ் விதி. சர்வீஸ் முழுவதும் இதைக் கட்டிக் காத்தவன் நான். பென்ஷன் வாங்கிவிட்டால் மட்டும் பழக்கம் விடுமா?

என் மனைவி ரஞ்சிதம் கன்டோன்மென்ட் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். சென்ற பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, அவள் பள்ளிக்குப் போனதும் அவளுடைய கலர் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தேன். சிவப்பின் மேல் நீலம், நீலத்தின் மேல் காவி... ஆபீஸில் எவனாவது இப்படி வைத்திருந்தால் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பேன். லேபிள்களைப் படித்து, எல்லாவற்றையும் ஏ, பி, சி வரிசையில் அடுக்கினேன். ஒரு ரிஜிஸ்டரும் போட்டேன்.

மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. சுண்டுவிரல் நகமளவுதான். லேபிள் இல்லை. நீலமா, பச்சையா என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் என்ன? விதிதான் இருக்கிறதே. துண்டைக் கவரில் போட்டு, ‘இம்மாதிரியில் ஒரு டஜன் அனுப்புக’ என்று எழுதி, மதராஸில் உள்ள கம்பெனிக்குத் தபாலில் சேர்த்தேன்.

சாயங்காலம் ரஞ்சிதம் பெட்டியைத் திறந்தாள்.

“மயில் கழுத்து எங்கேங்க?”

“அப்படி ஒரு பேரே ரிஜிஸ்டர்ல இல்லையே.”

“துண்டா ஒண்ணு கிடந்துச்சே. மயில் படத்துல கழுத்து மட்டும்தான் பாக்கி.”

“அதுவா... மதராஸுக்குப் போயிருக்கு. மாதிரிக்கு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. படம் திருப்தியா இல்லேன்னா டிராயிங் கிளாஸையே எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? பள்ளிக்கு வந்த அந்த உத்தரவை அவளுக்கு வரி வரியாக விளக்கியவனே நான்தான்.

மறுநாள் எங்கள் பேட்டையான நீலசந்திராவிலிருந்து ஜட்கா பிடித்து ஸ்டேஷனரி கடைக்குப் போய், மயில் கழுத்துக் கலர் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சேலைக் கடை எதிர்ல சாமி. இங்கே பரீ பேனா, பேப்பர், பெயிண்ட்டு மட்டும்தான்.”

அவரைக் குறை சொல்ல முடியுமா? வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, மாந்தளிர் — நம் பெண்கள் பெயர் சொன்னால் நிறம் கண்முன் வந்து நிற்கிறது. ‘ப்ளூ நம்பர் டூ’ என்றால் என்ன வந்து நிற்கும்? ஒரு குமாஸ்தா வந்து நிற்பார்.

வியாழக்கிழமை ரஞ்சிதம் என் ஏ, பி, சி-யை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தாள். வெளிர் நிறங்கள் ஒரு பக்கம், அடர்ந்தவை மறு பக்கம் என்று ஒதுக்கினாள். பச்சையைப் பூசி, அதன்மேல் நீலத்தை ஏற்றி, விரலால் தேய்த்தாள். வளைவில் துளி மஞ்சள்.

“இப்ப மயில்தானே?”

“கொஞ்சம் புறா மாதிரி...”

“அப்படியே ரிஜிஸ்டர்ல ஏத்திக்குங்க.”

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அந்தக் கழுத்தையே வெகுநேரம் பார்த்தாராம். கடைசியில், “இதே கலர்ல எங்கிட்ட ஒரு பட்டு இருக்கு” என்றாராம்.

வகுப்பு பிழைத்தது.

மதராஸ் கம்பெனியும் பதில் போடாமல் விடவில்லை. ‘மாதிரி கிடைத்தது. நிறத்தின் பெயரைத் தெரிவிக்கவும்.’ அந்தக் கடிதம் என் கைக்குக் கிடைத்த தேதி — ஜூலை பதினொன்று.