சீலைக்கு ஒரு சுழி

அட்டையில் நிற்கும் பெண்ணின் தலை பத்திரிகையின் பெயரை மறைக்கலாம். கொஞ்சம் மறைத்தே ஆகவேண்டும். திருச்சியில் கல்லூரியில் வடிவமைப்பு படித்தபோது ஃபேஷன் பத்திரிகைகளை மேசையில் பரப்பி வைத்து எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி அதுதான். பெயரில் ஓர் எழுத்து தலைக்குப் பின்னால் போனால், "எங்களைத் தெரியாதவர் யார்?" என்று பத்திரிகை கேட்பதாக அர்த்தம். இன்னும் பல விதிகள் உண்டு. கண் வாங்குபவரை நேராகப் பார்க்க வேண்டும், உதடு சிரிக்கக் கூடாது, நகை குறைவாக இருக்க வேண்டும், பூ கூடவே கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன். விதி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு மீறத் தெரியாது.

பிள்ளை பெற்ற பிறகு அந்த நோட்டைத் திறக்கவே இல்லை. மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து அரியலூரில் இருக்கும் எனக்கு போன் வந்தது. கடைக்கென்று ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஃபேஷன் பத்திரிகை மாதிரியே இருக்க வேண்டுமாம். பெயர் 'நம்ம சீலை'. முதல் இதழின் அட்டை பிடித்தால் வருஷம் முழுக்க எனக்கு வேலை, பிடிக்காவிட்டால் திருச்சியில் வேறொருவர் இருக்கிறார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"உன்னால் முடியுமா?" என்று என் வீட்டுக்காரர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான்தான் துணி காயப்போடும்போதும் பால் ஆற்றும்போதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். முடியாது என்று ஆகிவிட்டால், இனி நான் எந்த வேலையையும் கேட்கத் துணிய மாட்டேன் என்று தெரியும்.

கடையில் சீலை விரித்துக் காட்டும் பெண்ணையே மாடலாக நிறுத்தினோம். நல்ல உயரம், பெரிய கொண்டை, அதைச் சுற்றி மல்லிகை.

"பூவ எடுத்துடும்மா," என்றேன்.

"பூ இல்லாம படமா? எங்க வூட்ல பாத்தா என்னக்கா நெனப்பாங்க?"

"ஃபேஷன் பத்திரிகைல அப்படித்தான்."

"சிரிக்கவாச்சும் செய்யலாமா?"

"கூடாது."

"அப்ப இது ஆதார் கார்டு போட்டோதான்க்கா."

அட்டையை மூன்று நாளில் முடித்தேன். மகள் தூங்கும் நேரமெல்லாம் அதையே பார்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா, புடவையின் நிறம் மாறியிருக்கிறதா, உள்ளே வரும் கட்டுரைகளின் தலைப்புகள் இடது ஓரத்தில் சரியாக நிற்கின்றனவா என்று எத்தனை முறை பார்த்திருப்பேனோ. பிறகு தாளில் அச்செடுத்து, மகளையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

முதலாளி தாளைக் கல்லாப்பெட்டி மேசையில் விரித்து வைத்தார். என் மகளை வாங்கி இடுப்பில் வைத்திருந்த அந்த மாடல் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, 'நம்ம சிலை'ன்னு போட்டிருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"சிரிக்காம நில்லுன்னீங்கள்ல, அதான் சிலையாவே ஆயிட்டேன் போல."

அப்போதுதான் கண்ணில் பட்டது. 'சீ' என்ற எழுத்தின் மேல் கோடு வளைந்து போய் முடிகிற சின்னச் சுழியை அவள் கொண்டை முழுதாக விழுங்கியிருந்தது. சுழி போனதும் சீ, சி ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தில் பாதி மறைந்தாலும் மீதியை வைத்து ஊகித்துவிடலாம். நம் எழுத்தில் உச்சியில் ஒரு சுழி போனால் வார்த்தையே வேறாகிவிடுகிறது. பெயர் எனக்கு முன்பே தெரியும் என்பதால் ஒவ்வொரு முறையும் 'சீலை' என்றே படித்திருக்கிறேன்.

"சிலை வேணும்னா சனங்க கீழப்பழுவூர் கோயிலுக்குப் போய்ப் பாத்துக்குவாங்கம்மா. நான் விக்கிறது துணி," என்றார் முதலாளி. "நாலு மணிக்கு அச்சுக்குப் போவணும். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா திருச்சிக்குப் போன் போட்டுர்றேன்."

மணி இரண்டரை. தலை கீழே வரும்படி படத்தை இறக்கினால் புடவையின் கரை வெட்டுப்பட்டது. கரை தெரியாத அட்டையை முதலாளி தொடக்கூட மாட்டார். பெயர் முழுவதையும் தலைக்கு முன்னால் கொண்டுவந்தேன். கல்யாண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் போல இருந்தது. அதை அழித்தேன். பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மூன்று மணி ஆகிவிட்டது.

"வுடுடீ குட்டி! உங்கம்மா படத்துலதான் பூவ எடுக்கச் சொன்னா, நீ நெசமாவே புடுங்குறியா?"

திரும்பிப் பார்த்தேன். மகள் இழுத்ததில் மல்லிகைச் சரத்தின் நுனி கழன்று, கொண்டையின் மேல் சுருண்டு கிடந்தது. கறுப்பு மயிரின் மேல் வெள்ளையாக ஒரு சுழி.

பெயரை மறுபடியும் தலைக்குப் பின்னால் அனுப்பினேன். 'சீ'யின் சுழியை மட்டும் வெட்டி எடுத்துக் கொண்டைக்கு முன்னால் வைத்தேன். எழுத்தின் நிறம் ஏற்கெனவே வெள்ளைதான். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அவள் பூ வைத்திருப்பது போல இருந்தது. கிட்டப் போனால் 'சீ'.

லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பினேன்.

"பூ வேணாம்னீங்களே, வெச்சுட்டீங்களா?"

"பூ இல்லைங்க சார். எழுத்து."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "நம்ம... சீலை." பிறகு கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை படித்தார். "அட!" என்றார். கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களாக்கா, கடைசில பூ வெச்சாத்தான் ஆச்சு!" என்றாள் அந்தப் பெண்.

நாலு மணிக்கு அட்டை அச்சுக்குப் போனது. புத்தகம் வெளிவந்த வாரம் நான் கடையில் இருந்தேன். பூலாம்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா உள்ளே நுழைந்ததுமே, "தலையில எழுத்து வெச்சிருக்குமே ஒரு பொண்ணு, அது கட்டுன சீலையக் காட்டுங்க," என்றார். மாடலே அதை எடுத்து விரித்துக் காட்டினாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. முதலாளி என்னைப் பார்த்து, "அடுத்த அட்டைய ஆரம்பிச்சுட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். முதல் விதிக்குக் கீழே, 'தமிழில், சுழியைத் தவிர' என்று எழுதினேன். சரிதானா என்று திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.